நாலு இன்ஜெக்டருக்கு பில், மாற்றியது ஒன்று

டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் "இன்ஜெக்டர் போச்சு" என்ற வார்த்தையைக் கேட்டதும் (எஞ்சின் சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சுகிற பாகம்தான் இன்ஜெக்டர்) என்னைப் போலத் தலையாட்டிவிடாதீர்கள்.

முதலில் காலை ஸ்டார்ட்டிங்தான் படுத்தியது. சாவியைத் திருப்பியதும் பிடிக்கிற எஞ்சின் பத்துப் பன்னிரண்டு வினாடி சுற்றிய பிறகே பிடித்தது, பிடித்ததும் வெள்ளைப் புகை, டீசல் வாடை, ஐட்லிங்கில் ஸ்டியரிங் வரைக்கும் நடுக்கம். பேட்டரி வீக் என்று நானே முடிவு கட்டிப் புதிது வாங்கிப் போட்டேன் (அது என் முட்டாள்தனம், யாரையும் குறை சொல்வதற்கில்லை).

ஒர்க்‌ஷாப்பில் பானெட்டைத் திறந்து, டக் டக் சத்தத்தைக் கேட்டதோடு சரி, "நாலும் போச்சு சார்" என்றார்கள். பில் நாலுக்கு. பழையதைக் கேட்டால் ஸ்கிராப்பில் போட்டாச்சாம். ஒரு வாரத்தில் அதே நடுக்கம், அதே புகை.

அப்புறம் வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் செய்தது ரொம்ப எளிமையான வேலை. நாலு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயையும் கழற்றி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன பாட்டில் மாட்டி, எஞ்சினைச் சில நிமிடம் ஐட்லிங்கில் ஓடவிட்டார். மூன்று பாட்டிலில் அடியில் கொஞ்சம், இரண்டாவது சிலிண்டருடையது மட்டும் கழுத்து வரை. உள்ளே தேய்ந்த இன்ஜெக்டர் டீசலைத் திருப்பி டேங்குக்கே அனுப்பிவிடும், அப்புறம் ரெயிலில் (எல்லா இன்ஜெக்டருக்கும் டீசல் கொடுக்கிற பொதுக் குழாய்) ஸ்டார்ட் ஆகத் தேவையான அழுத்தம் எப்படி ஏறும் என்றார். எஞ்சின் ஆயில் அளவு பார்க்கிற டிப் ஸ்டிக்கை எடுத்து முகரச் சொன்னார், ஆயிலில் டீசல் வாடை, அளவும் முன்பிருந்ததைவிட மேலே. முனையும் ஒழுகுகிறது, இப்படியே ஓட்டினால் பேரிங், பிஸ்டன் வரைக்கும் போகும் என்றார். கரும்புகையை மட்டும் பார்த்து இன்ஜெக்டரைக் கழற்ற வேண்டாம், அடைத்த ஏர் ஃபில்டரும் கிழிந்த டர்போ ஹோஸும் அதே புகையைத்தான் கக்கும் என்பதும் அவர் சொன்னதுதான்.

வயிறு எரிந்தது அதற்கப்புறம். என் வண்டியில் ஒவ்வொரு இன்ஜெக்டரின் தலையிலும் ஒரு குறியீட்டு எண் இருக்கிறது, புதிதாகப் போட்டால் அந்த எண்ணை ஈசியூவில் (எஞ்சினைக் கட்டுப்படுத்துகிற கம்ப்யூட்டர்) ஏற்ற வேண்டும். ஸ்கேனரில் பார்த்தால் ஈசியூவில் இருந்த எண்கள் மூன்று இன்ஜெக்டரோடு அப்படியே பொருந்தின, அதாவது அவை என் பழைய இன்ஜெக்டர்களே, நாலாவது மட்டும் புதிது, அதன் எண்ணைக்கூட ஏற்றவில்லை. கெட்டுப்போன இரண்டாவதைத் தொடவே இல்லை. நல்லதாக இருந்த ஒன்றைக் கழற்றி எடுத்துக்கொண்டார்கள்!

பில்லையும் படங்களையும் எடுத்துப் போய்க் கேட்டேன். "மூணையும் கிளீன் பண்ணித்தான் சார் போட்டோம்" என்றார்கள். கிளீன் பண்ணியதற்கா புது இன்ஜெக்டர் விலை என்றேன். ஓனர் வரட்டும் என்றார்கள். மூன்று தடவை போய்விட்டேன், ஓனர் இன்னும் வரவில்லை.