லேஅவுட் பங்கு: இரண்டாவது முறை பணம் கேட்டால் உஷார்

பத்துப் பேரிடம் பங்கு வாங்கி, ஏக்கர் கணக்கில் நிலம் பேசி, மனை பிரித்து விற்று லாபம் பிரிக்கலாம் என்று தொடங்கும் டீல்களில் பெரிய அடி விழுவது ஏழெட்டு மாதம் கழித்துத்தான். "ஃபைல் மூவ் ஆயிடுச்சு சார், தலைக்கு இன்னும் அஞ்சு லட்சம் போட்டா முடிஞ்சுடும். இப்ப விட்டா போட்ட அட்வான்ஸும் போயிடும்" என்று டீலின் அமைப்பாளரிடமிருந்து போன் வரும். போட்டது போய்விடுமே என்ற பயத்தில் நகையை வைத்தாவது அடுத்த பணத்தைக் கொடுக்கிறார்கள். அது பல நேரம் வேறொரு சைட்டின் நிலக்காரருக்குப் போய்ச் சேருகிறது.

பணம் ஏன் பற்றாமல் போனது என்று முதலில் கேளுங்கள். ஐந்து ஏக்கர் என்பது 500 சென்ட், 2,17,800 சதுர அடி. புரோக்கர் துண்டுத்தாளில் போடும் லாபக் கணக்கு இந்த முழு அளவில்தான் இருக்கும். சாலையும் பூங்கா இடமும் கழிந்தால் விற்க மிஞ்சுவது ஏறக்குறைய 55 முதல் 60 சதவீதம். முதல் நாளே தெரிந்த பற்றாக்குறை இது. பிறகு திடீர்ச் செலவாக வேஷம் போட்டு வருகிறது.

அடிக்கடி சொல்லப்படும் காரணம் 'ஓஎஸ்ஆருக்குப் (பூங்காவுக்கு ஒதுக்கும் திறந்தவெளி இடம்) பணம் கட்டணும்' என்பது. தமிழ்நாட்டு விதிப்படி 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரையிலான இடத்துக்குத்தான் பூங்கா நிலத்துக்குப் பதிலாகப் பணம் கட்டும் வழி உண்டு. அதற்கு மேல், அதாவது சுமார் இரண்டரை ஏக்கரைத் தாண்டினால், சாலை போக மீதியில் 10 சதவீத நிலத்தையே உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும். ஐந்து ஏக்கருக்கு ஓஎஸ்ஆர் பணம் கேட்டால் அங்கேயே பொய் பிடிபட்டது. மற்ற கட்டணங்களுக்கு அரசு செலான் இருக்கும். செலான் காட்டாத 'ஆபீஸ் செலவு' எதற்கும் காசு கொடுக்க வேண்டாம்.

மனைகள் புக் ஆகிவிட்டன, ரோடு போடத்தான் பணம் வேண்டும் என்பார்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட்டை ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதியாமல் விற்கவே கூடாது. பதிந்திருந்தால், வாங்குபவர்கள் கட்டியதில் 70 சதவீதம் நிலத்துக்கும் கட்டுமானத்துக்கும் மட்டும் எடுக்கக்கூடிய தனிக் கணக்கில் இருக்க வேண்டும். அந்தக் கணக்கின் ஸ்டேட்மென்டைக் கேளுங்கள். சட்டென்று பேச்சு மாறும்.

அடுத்து, நிலத்தை வாங்க நிலக்காரரோடு போடும் கிரய ஒப்பந்தம். 2012 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் அதைப் பதிவு செய்வது கட்டாயம். நோட்டரி முத்திரை குத்திய தாளை நம்பி உட்கார வேண்டாம். பதிவுத்துறை இணையதளத்தில் சர்வே எண்ணைப் போட்டு வில்லங்கத்தை இலவசமாகவே பார்க்கலாம். ஒப்பந்தம் யார் பெயரில், கெடு எந்தத் தேதியோடு முடிகிறது, நடுவில் பவரோ அடமானமோ ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். கெடு முடிந்திருந்தால், நிலக்காரர் கையெழுத்துப் போட்ட நீட்டிப்பு பதிவாகும் வரை ஒரு ரூபாய்கூடப் போகக் கூடாது. அதன் பிறகும் பணம் நிலக்காரர் வங்கிக் கணக்குக்கு நேராகப் போகட்டும். நில விற்பனைக்கான முன்பணத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க 2015 ஜூன் முதல் தடை இருக்கிறது. அபராதம், பணத்தை வாங்கியவருக்குத்தான். ஆனால் நாளை அவர் 'வாங்கவே இல்லை' என்றால் கொடுத்தவர் கையில் என்ன இருக்கும்?

பலர் கவனிக்காத ஓட்டை ஒன்று உண்டு. பங்கு போட்டவர்கள் சேர்ந்த கூட்டு நிறுவனம் பதிவாகாவிட்டால், 1932ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டம் 69ஆம் பிரிவின்படி, ஒப்பந்த உரிமையை நிலைநாட்ட ஒரு பங்குதாரர் மற்றவர்மேல் வழக்குப் போட முடியாது. கூட்டைக் கலைத்துக் கணக்குக் கேட்கலாம், அவ்வளவுதான். பதிவுச் சான்றைப் பார்த்த பிறகு கூட்டுப் பத்திரத்தில் ஒரு வரியைத் தேடுங்கள்: கூடுதல் பணம் போடாதவர் பங்கு என்ன ஆகும்? அந்த வரி இல்லாத பத்திரத்தில், போடாதவரை ஓரங்கட்டுவதும் போட்டவருக்குப் பங்கு கூட்டாமல் விடுவதும் அமைப்பாளர் இஷ்டம்.

பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று செக் நீட்டினால் தேதியைப் பாருங்கள். மூன்று மாதத்துக்குள் வங்கியில் போட வேண்டும். திரும்பினால், வங்கித் தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ், அவருக்கு 15 நாள் அவகாசம், அதன்பின் ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார். 'அடுத்த வாரம் போடுங்க சார்' என்று இழுப்பதெல்லாம் இந்த நாட்களைத் தாண்டவைக்கத்தான்.