ஸ்டெப்னியா, சீலன்ட்டா, பிளக்கா? வழியில் டயர் போனால் எது கைகொடுக்கும்

முன்பெல்லாம் காரின் டிக்கித் தரையைத் தூக்கினால் ஐந்தாவது சக்கரம் ஒன்று கட்டாயம் இருக்கும், மற்ற நான்கைப் போலவே. இப்போது அந்தக் குழியில் ஒல்லியான சின்ன ஸ்டெப்னி இருக்கலாம். ஓட்டையை அடைக்கும் திரவம் உள்ள சீலன்ட் பாட்டிலும் காற்று பம்பும் இருக்கலாம். குழியே இல்லாமல், காற்று போனாலும் ஓடும் ரன்-ஃபிளாட் டயர் மாட்டியிருக்கலாம். இவை போதாதென்று, ஓட்டையில் பட்டை செருகி அடைக்கும் பிளக் கிட் ஒன்றைத் தாங்களே வாங்கி வைப்பவர்களும் உண்டு. ஐந்துக்கும் வேலை ஒன்றுதான் என்று நினைத்துவிடுகிறோம். டயர் எப்படிப் போனது, வண்டி எவ்வளவு சுமக்கிறது, பின்னால் ட்ரெய்லர் இருக்கிறதா என்பதைப் பொறுத்து இவற்றில் சில துளியும் உதவாது.

முதலில் ஓட்டை எங்கே என்று பாருங்கள்

தரையில் உருளும் பகுதி ட்ரெட். அது முடிந்து வளையும் இடம் தோள். எழுத்துகள் பதிந்த பக்கவாட்டுப் பகுதி சைடுவால். ட்ரெட்டின் நடுப்பகுதியில் ஆணியோ திருகோ ஏறி, ஓட்டை 6 மி.மீ.க்குள் இருந்தால் எந்த வழியிலும் சமாளிக்கலாம். தோளிலோ சைடுவாலிலோ கிழிந்தால் சீலன்ட்டும் பிளக்கும் கைவிட்டுவிடும். சக்கரம் சுற்றும் ஒவ்வொரு முறையும் அந்த இடம் மடங்கி நிமிர்கிறது. அடைத்த பொருள் அசைந்து அசைந்து வெளியே வந்துவிடும், அறுந்த இழையும் மறுபடி சேராது. குழியில் இறங்கி ரிம் நெளிந்திருந்தால் காற்று போவது ரிம்முக்கும் டயர் விளிம்புக்கும் இடையில். அதற்கும் மாற்றுச் சக்கரம் ஒன்றுதான் வழி.

இன்னொரு சேதம் வெளியே அதிகம் தெரியாது. காற்று இறங்கியது தெரியாமல் கொஞ்ச தூரம் ஓட்டினாலும், சைடுவால் ரிம்முக்கும் தரைக்கும் நடுவே நசுங்கி உள்பக்க ரப்பர் அரைபடும். டயரைக் கழற்றினால் உள்ளே கருப்புத் தூள் கொட்டும். வெளியே சைடுவாலைச் சுற்றி வளையமாகத் தேய்ந்த தடம் தெரிந்தால் உள்ளேயும் அதே கதிதான். அந்த டயரில் இருப்பது ஊசி முனை ஓட்டையானாலும் அதை அடைத்துக் காற்றடிக்க வேண்டாம். உள்ளே வலு போன சைடுவால், வேகம் பிடித்ததும் வெடிக்கக்கூடும்.

முழு அளவு ஸ்டெப்னி

எல்லா வகைச் சேதத்துக்கும் எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் பதில் சொல்வது இது ஒன்றுதான். அதே அளவு, அதே வகை டயர் என்றால் வேகக் கட்டுப்பாடு இல்லை, தூரக் கட்டுப்பாடு இல்லை, சுமையைக் குறைக்கவும் வேண்டாம். மாட்டிவிட்டுப் பயணத்தைத் தொடரலாம்.

இதன் குறை எடையும் இடமும் என்பார்கள். அதைவிடப் பெரிய குறை மறதி. வருடக்கணக்கில் யாரும் தொடாமல் கிடக்கும் ஸ்டெப்னி, தேவைப்படும் நாளில் 15 பிஎஸ்ஐ காற்றோடு இருக்கும். மற்ற நான்கு டயர்களுக்கும் காற்றுப் பார்க்கும்போது ஐந்தாவதையும் சேர்த்துப் பாருங்கள். அதிகச் சுமைக்கென்று கதவோர ஸ்டிக்கரில் எழுதியிருக்கும் அளவுக்கு ஏற்றி வையுங்கள். மாட்டும்போது குறைப்பது எளிது, நடுவழியில் ஏற்றுவதுதான் கடினம். டயரின் வயதையும் பாருங்கள். சைடுவாலில் கடைசியாக உள்ள நான்கு இலக்கம் 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. ஓடாமல் கிடந்தாலும் ரப்பர் கெட்டிப்படும். பத்து வருடம் தாண்டிய டயர், ட்ரெட் புத்தம் புதிதாகத் தெரிந்தாலும் நம்பத் தக்கதல்ல.

நான்கு சக்கரங்களுக்கும் எந்நேரமும் விசை போகும் வண்டியில் ஒரு சிக்கல் உண்டு. நான்கும் பாதி தேய்ந்திருக்க, புது ஸ்டெப்னி ஒன்றை மாட்டினால் அதன் சுற்றளவு கூடுதல். சக்கரங்கள் வேறு வேறு வேகத்தில் சுற்ற, அந்த வித்தியாசத்தை, சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிஃபரென்ஷியலும் டிரான்ஸ்ஃபர் கேஸும் ஓயாமல் விழுங்கிச் சூடாகும். டயர்களை இடம் மாற்றிப் போடும்போதெல்லாம் ஸ்டெப்னியையும் சுழற்சியில் சேர்த்தால் ஐந்தும் ஒன்றுபோலத் தேயும்.

சின்ன ஸ்டெப்னி

ஒல்லியானது, லேசானது, தூக்கி மாட்ட எளிது. பெரும்பாலானவற்றில் மணிக்கு 80 கி.மீ.தான் உச்ச வேகம் என்று எழுதியிருக்கும். காற்று 60 பிஎஸ்ஐ. இதைக் கவனிக்காமல் மற்ற டயர் போல 32 அடித்து மாட்டுவது அடிக்கடி நடக்கும் தவறு. அந்தக் காற்றில் அது சுமை தாங்காமல் மடங்கிச் சூடேறும்.

தரையைப் பிடிக்கும் அகலம் குறைவு என்பதால் பிரேக் பிடிக்கும் தூரம் கூடும். ஈரச் சாலையில் அது நன்றாகவே தெரியும். முன்சக்கரம் இழுக்கும் காரில் முன் டயர் போனால், நல்ல பின்சக்கரம் ஒன்றைக் கழற்றி முன்னால் மாட்டிவிட்டு, சின்ன ஸ்டெப்னியைப் பின்னால் போடுங்கள். இரண்டு முறை ஜாக்கி வைக்க வேண்டியிருக்கும், ஆனால் ஸ்டீயரிங்கும் விசையும் பிரேக்கின் பெரும்பங்கும் முன்னால்தான் இருக்கின்றன. அந்த உழைப்புக்கு அர்த்தம் உண்டு. சிறு ஸ்டெப்னியை அடுத்த டயர் கடை வரைக்கும்தான் ஓட்ட வேண்டும். அதே சக்கரத்தோடு வாரக்கணக்கில் ஓடும் வண்டிகளைப் பார்க்கும்போது பதறுகிறது.

மாற்றும்போது எங்கே தவறுகிறது

இரண்டு ஸ்டெப்னிக்கும் மாட்டும் முறை ஒன்றே. சமமான, கெட்டியான தரை, ஹசார்டு விளக்கு, ஹேண்ட் பிரேக், கியர். மாற்றும் சக்கரத்துக்குக் குறுக்கு மூலையில் உள்ள சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். பின்சக்கரத்தைத் தூக்கும்போது இது இன்னும் முக்கியம்: பல கார்களில் ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும், அவற்றில் ஒன்று அப்போது அந்தரத்தில் இருக்கும்.

சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்று தளர்த்துங்கள். தூக்கிய பிறகு பலம் போட்டால் வண்டி ஜாக்கியிலிருந்து சரியும். ஜாக்கியின் தலை, அடிவிளிம்பில் வெட்டு அடையாளம் வைத்த இடத்தில்தான் உட்கார வேண்டும். மண் தரையென்றால் அடியில் தடித்த பலகை. காற்றிறங்கிய டயர் தரையை விட்டு விலகியதும் நிறுத்திவிடாதீர்கள்: காற்று நிறைந்த டயருக்கு அதைவிடச் சில செ.மீ. கூடுதல் உயரம் வேண்டும். கழற்றிய சக்கரத்தை வண்டியின் அடிவிளிம்புக்குக் கீழே படுக்க வையுங்கள். ஜாக்கி சாய்ந்தாலும் வண்டி அதன் மேல்தான் இறங்கும். காலையோ தலையையோ எந்தக் காரணத்துக்கும் வண்டிக்கு அடியில் நீட்ட வேண்டாம்.

நட்டெல்லாம் கழற்றியும் சக்கரம் வராவிட்டால், அது உட்காரும் அச்சு முனையான ஹப்பின் நடுவளையத்தில் துரு பிடித்திருக்கும். ஜாக்கியில் நிற்கும் வண்டியை உதைத்து ஆட்டக் கூடாது. நட்டுகளை இரண்டு இழை பிடிக்கும்படி மறுபடி மாட்டி, வண்டியைத் தரையில் இறக்குங்கள். அதன் எடையிலேயே பல சமயம் பிடி விட்டுவிடும்.

மாட்டும்போது நட்டின் கூம்பு முகம் ரிம்மைப் பார்க்க வேண்டும். கையால் முடிந்தவரை திருகி, பிறகு ஒன்று விட்டு ஒன்றாக நட்சத்திர வரிசையில் இறுக்கி, வண்டியை இறக்கிய பின் இறுதி இறுக்கம் கொடுங்கள். சாதாரணக் கார்களுக்கு அது ஏறக்குறைய 100 முதல் 120 நியூட்டன் மீட்டர். உங்கள் வண்டிக்கான சரியான எண் கையேட்டில் இருக்கும். 25 செ.மீ. நீள வீல் ஸ்பேனரின் நுனியில் 45 கிலோ எடையை வைத்து அழுத்தினால் 110 நியூட்டன் மீட்டர் வரும். ஆகவே மேலே ஏறிக் குதிக்கத் தேவையில்லை. குதித்தால் போல்ட் இழுபட்டு நீளும். இழைக்கு எண்ணெய், கிரீஸ் போடுவதும் அதே கேட்டைத்தான் செய்யும்: உராய்வு குறைவதால் அதே பலத்தில் போல்ட் அளவுக்கு மீறி இறுகிவிடும். 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் ஒரு முறை மறுபடி இறுக்கிப் பாருங்கள்.

ஹப்பில் போல்ட் திருகும் வண்டிகளில் இன்னொரு பொறி உண்டு. தடித்த அலாய் ரிம்முக்கான நீளப் போல்ட்டை மெல்லிய ஸ்டீல் ஸ்டெப்னிக்குப் போட்டால் சில வண்டிகளில் உள்ளே நீண்டு பிரேக் பாகங்களை இடிக்கும். அத்தகைய வண்டியோடு குட்டைப் போல்ட்டுகள் தனியாகத் தந்திருப்பார்கள்; அந்தப் பையைத் தொலைத்துவிடாதீர்கள். சக்கரத் திருட்டைத் தடுக்கும் பூட்டு நட்டின் சாவி எங்கே இருக்கிறது என்பதும் பயணத்துக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

சீலன்ட் பாட்டில்

ஜாக்கி இல்லை, தூக்க வேண்டாம், குனிய வேண்டாம். கனரக வண்டிகள் உரசிக்கொண்டு போகும் சாலையோரத்தில் இது சாதாரண நன்மை அல்ல. முதுகுவலிக்காரருக்கும் சக்கரத்தைத் தூக்க வலுவில்லாதவருக்கும் இதுதான் நடக்கக்கூடிய வழி.

ஆணியைப் பிடுங்காமல் விடுங்கள், ஓட்டையின் பாதியை அதுதான் அடைத்துக்கொண்டிருக்கிறது. பாட்டிலை நன்றாகக் குலுக்கி, பம்போடும் வால்வோடும் இணைத்துக் காற்றடியுங்கள். திரவம் உள்ளே போகும்போது முதலில் அழுத்தமானி கன்னாபின்னாவென்று ஏறி, பிறகு இறங்கும், பயப்பட வேண்டாம். பத்து நிமிடத்துக்குள் ஓரளவு காற்று நிற்காவிட்டால் ஓட்டை பெரியது, அதோடு நிறுத்திவிடுங்கள். பம்பும் அதற்கு மேல் ஓடினால் கருகும். காற்று நின்றால் உடனே புறப்பட வேண்டும். சக்கரம் சுழன்றால்தான் திரவம் பரவி ஓட்டையைத் தேடிப் போகும். சில கி.மீ. மெதுவாக ஓட்டி நிறுத்தி, அழுத்தத்தைப் பாருங்கள். 19 பிஎஸ்ஐ-க்குக் கீழே போயிருந்தால் அந்த டயரில் மேலே ஓட்டக் கூடாது. அதற்கு மேல் இருந்தால் சரியான அளவுக்கு நிரப்பி, 80-ஐத் தாண்டாமல் கடைக்குப் போங்கள்.

குறைகள் பின்னால் வரும். ஒரு பாட்டில் ஒரு டயருக்குத்தான். பாட்டிலுக்கு காலாவதித் தேதி உண்டு. வெயிலில் நிற்கும் காரின் டிக்கியில் அதைத் திருப்பிப் பார்ப்பவர் அரிது. டயர் கடைக்காரர் உள்ளே பிசுபிசுக்கும் திரவத்தை முழுதும் கழுவித் துடைத்தால்தான் பேட்ச் ஒட்டும். முன்கூட்டியே சொல்லாவிட்டால் டயரைப் பிரித்ததும் அவர் கையிலும் மெஷினிலும் வழியும். காற்றழுத்த சென்சார் இருந்தால் அதன் துளையும் அடைபடலாம்.

பிளக் கிட்

டிக்கியில் ஸ்டெப்னி இல்லாத வண்டிக்கு, சீலன்ட்டோடு பிளக் கிட்டும் நல்ல பம்பும் சேர்ந்திருப்பதே மேல் என்பேன். பாட்டில் ஒரு முறைதான். பிளக் கிட்டில் ஐந்தாறு பட்டைகள் இருக்கும், காலாவதித் தொல்லையும் குறைவு.

ஆணியைக் குறடால் இழுக்கும் முன் அது எந்தச் சாய்வில் ஏறியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அரம் போன்ற ரீமரை அதே சாய்வில் நுழைத்து, பலமுறை உள்ளே வெளியே இழுத்து ஓட்டையைச் சொரசொரப்பாக்க வேண்டும். டயருக்குள் உள்ள கம்பி அடுக்கான ஸ்டீல் பெல்ட் உரசும் கரகரப்பு கையில் தெரியும். வேறு சாய்வில் குத்தினால் நல்ல கம்பிகளை அறுத்துப் புது ஓட்டை உண்டாகும். தார் போல ஒட்டும் பட்டையை ஊசிக் காதில் பாதிவரை கோத்து, கம் தடவி, பட்டையின் மூன்றில் இரு பங்கு உள்ளே போகும் வரை அழுத்துங்கள். ஊசியைத் திருகாமல் ஒரே இழுப்பில் வெளியே எடுங்கள். நீட்டிக்கொண்டிருப்பதைச் சில மி.மீ. விட்டு வெட்டி, காற்றடித்து, சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி வரக் கூடாது.

இதையும் தற்காலிகம் என்றே கொள்ளுங்கள். பட்டை ஓட்டையை அடைக்கிறதே ஒழிய, உள்பக்கம் டயர் அரைபட்டிருக்கிறதா என்று நீங்கள் பார்க்கவில்லை. டயரைக் கழற்றி உள்ளே சோதித்து, தண்டும் பேட்ச்சும் சேர்ந்த காளான் வடிவ ஒட்டு போடுவதே முழுமையான பழுது.

ரன்-ஃபிளாட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கெட்டியான சைடுவால், காற்றே இல்லாமல் வண்டியைத் தாங்கும். பொதுவாக 80 கி.மீ. வேகத்தில் 80 கி.மீ. தூரம். காற்றழுத்த எச்சரிக்கை வேலை செய்தால்தான் பலன், ஏனென்றால் காற்று போனது ஓட்டுவதில் தெரியாது. பெரிய கிழிசலுக்கு இதுவும் தாங்காது.

ட்ரெய்லர் இழுத்தால் கணக்கு மாறும்

ட்ரெய்லர் மாட்டியிருக்கும்போது கொக்கியில் இறங்கும் எடை முழுவதும் இழுக்கும் வண்டியின் பின் டயர்களுக்குத்தான் போகிறது. சின்ன ஸ்டெப்னியிலோ சீலன்ட் ஊற்றிய டயரிலோ ட்ரெய்லரை இழுக்கக் கூடாது. வழியில் ட்ரெய்லரைக் கழற்றி விட்டுவிட்டுப் போக முடியாதென்றால் முழு ஸ்டெப்னியைத் தவிர வேறு தேர்வே இல்லை.

ட்ரெய்லருக்கும் தனி ஸ்டெப்னி வேண்டும். அதன் டயர் அளவு வேறு, போல்ட் துளைகள் அமைந்த வட்டம் வேறு, காற்று பெரும்பாலும் 50 முதல் 65 பிஎஸ்ஐ. இரட்டை அச்சு ட்ரெய்லரில் ஒரு டயர் போனால் அதே பக்கத்துத் துணை டயர் இரண்டின் சுமையையும் தாங்குகிறது. கொஞ்ச தூரம்தானே என்று ஓட்டினால் அதுவும் போகும். மாற்றும்போது கொக்கியைக் கழற்ற வேண்டாம், இழுக்கும் வண்டிதான் ட்ரெய்லரைப் பிடித்து நிறுத்துகிறது. பட்டை ஸ்பிரிங் உள்ள அச்சில் ஜாக்கியை ஸ்பிரிங் உட்காரும் இடத்துக்கு அருகே வையுங்கள். அச்சுக் குழாயின் நடுவில் வைத்தால் குழாய் வளையும். ஸ்பிரிங்குக்குப் பதில் உள்ளே ரப்பர் வைத்த டார்ஷன் அச்சென்றால் ட்ரெய்லரின் அடிச்சட்டத்தில்தான் வைக்க வேண்டும்.

காருடன் வந்த ஜாக்கி பல ட்ரெய்லர்களில் எட்டாது, காரின் வீல் ஸ்பேனர் ட்ரெய்லர் நட்டுக்குப் பொருந்தாமலும் போகலாம். சுமை ஏற்றும் முன் வீட்டு வாசலிலேயே ஒரு முறை ட்ரெய்லர் நட்டு ஒன்றைத் தளர்த்தி இறுக்கிப் பாருங்கள். ஜாக்கியை வைத்து டயர் தரையை விட்டு எழுகிறதா என்றும் பாருங்கள்.