உடம்புச் சூட்டுல கரண்ட்: பிஸ்மத் துண்டா, பாலிமர் பூச்சா?

பேட்டரியே இல்லாம, தோலுக்கும் வெளிக்காத்துக்கும் உள்ள சூட்டு வித்தியாசத்துலேர்ந்து கரண்ட் எடுத்து மணிக்கட்டுல ஓடுற சென்சார் பேண்ட் ஒண்ணு பண்ணணும், இழுத்தா நீளணும். கடைசில ரெண்டு வழிதான் மிஞ்சுச்சு. ஒண்ணு, சூட்டு வித்தியாசத்த கரண்டா மாத்துற பிஸ்மத் டெல்லுரைடு துண்டுகள சிலிகோன் ரப்பர்ல பதிச்சு நடுவுல திரவ உலோகத்தால இணைக்கிறது. இன்னொண்ணு, பெடாட் பிஎஸ்எஸ்ங்கிற கரண்ட் கடத்துற பாலிமர ரப்பரோட கலந்து மெல்லிசா பூசுறது. நாங்க எடுத்தது மொதல் வழி, இன்னொருத்தர் கேட்டாலும் அதத்தான் சொல்வேன்.

எடை, தோல்ல ஒட்டுற மென்மை, பிரிண்ட் பண்ற வசதி எல்லாத்துலயும் பாலிமர்தான் மேல. வோல்டேஜ்ல அப்படியே தலைகீழ், ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு பிஸ்மத் டெல்லுரைடு சுமார் 200 மைக்ரோவோல்ட் தரும், பெடாட் சாதாரணமா சில பத்துதான்.

ஆனா எங்க முடிவ தீர்மானிச்சது தடிமன். தோல் 33 டிகிரி, ஏசி ரூம் 24, அப்போ 9 டிகிரி கிடைக்குதேன்னு தோணும், ஆனா அதுல பெரும்பங்கு தோலுக்குள்ளயும் வெளிக்காத்துலயும் போயிடும், மெட்டீரியலுக்கு குறுக்க ஒண்ணு ரெண்டு டிகிரி நின்னாலே பெருசு. சில மைக்ரான் பூச்சுல அதுவும் நிக்காது, பாலிமர் சூட்ட கம்மியா கடத்தினாலும் ரெண்டு பக்கமும் ஒரே சூடாயிடும். பவர் இந்த வித்தியாசத்தோட ஸ்கொயர்ல போறதால, வித்தியாசம் பாதியானா பவர் கால்வாசிதான். துண்டுன்னா ஒரு மில்லிமீட்டர் ரெண்டு மில்லிமீட்டர் உயரமா வைக்கலாம், உடையுற சாமான்தான், ஆனா நீளுற வேலைய திரவ உலோகம் பாத்துக்கும். அந்தத் திரவ உலோகம், அதாவது காலியம் இண்டியம் கலவை, 16 டிகிரிக்கு மேல திரவமாவே இருக்கும். அலுமினியத்துல மட்டும் படவிடாதீங்க, அரிச்சிடும்.

மே மாசம் மத்தியானம் மவுண்ட் ரோட்டுல காத்தே 40 டிகிரி போகும்போது தோல விட வெளிய சூடு, கரண்ட் திசை மாறிடும். அதனால இந்தச் சின்ன வோல்டேஜ ஏத்திக் குடுக்குற கன்வர்ட்டர் சிப் ரெண்டு போலாரிட்டியும் (பிளஸ் மைனஸ் மாறினாலும்) ஏத்துக்கணும், எல்டிசி 3109ங்கிற சிப் சுமார் 30 மில்லிவோல்ட்லயே ரெண்டு பக்கமும் ஸ்டார்ட் ஆகும், 3108 ஒரு பக்கம்தான். காத்தும் தோலும் ஒரே சூட்டுல நிக்கிற நேரத்துல எந்த மெட்டீரியலும் ஒண்ணும் தராது, அதுக்கு கரண்ட சேத்து வைக்கிற ஒரு சூப்பர் கெபாசிட்டர் வச்சே ஆகணும்.

பெடாட்ல இன்னொரு சிக்கல், பிஎஸ்எஸ் ஈரத்த இழுக்கும், நம்ம ஊர் புழுக்கத்துல வோல்டேஜ் கூடுற மாதிரி காட்டும், அது அயனிகளால வர்றது, தொடர்ந்து பவரா எடுக்க முடியாது.

வியர்வைல ரப்பர் ஓரம் எத்தன மாசம் பிரியாம தாங்கும்னு உறுதியா சொல்ற அளவுக்கு நான் போட்டுப் பாக்கல. சட்டைத்துணில நெய்யணும்னா மட்டும் பாலிமர் நூல் எடுங்க, துணியோட தடிமன் முழுக்க ஊடுருவித் தைக்கலாம்ங்கிறதால அங்க இந்த மெல்லிசுப் பிரச்சன அவ்வளவா வராது.