மீட்டர் கத்தியது, நான் கையெழுத்துப் போட்டேன்

வீட்டில் ஓதம் பிடித்த சுவர் இருக்கிறதா? வாட்டர் ப்ரூஃபிங் ஆளைக் கூப்பிடும் முன் இதைப் படித்துவிடுங்கள். நான் ஏமாந்த கதை. ஆள் யார் என்று சொல்லப்போவதில்லை. இதே வித்தையைக் காட்டுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

எங்களுடையது பழைய வீடு, சுண்ணாம்புப் பூச்சு. படுக்கையறைச் சுவரில் முழங்கால் உயரத்துக்குப் பெயிண்ட் கொப்பளித்திருந்தது. கை வைத்தால் பூச்சு மாவாக உதிரும், மேலே வெள்ளையாக உப்பு பூத்திருக்கும். வந்தவர் இரண்டு ஊசி வைத்த ஒரு மீட்டரை எடுத்துச் சுவரில் குத்தினார். கீ கீ என்று கத்தியது. கூடத்துச் சுவரில் குத்தினார், அங்கேயும் கத்தியது. பீரோவுக்குப் பின்னால் கறுப்பாகப் பூசணம் பிடித்திருந்த சுவரிலும் அப்படியே. “அஸ்திவாரத்துலேர்ந்து ஈரம் ஏறுது சார், வீடு முழுக்க ஊசி போட்டாத்தான் நிக்கும்” என்றார். ஊசி என்றால், சுவரடியில் ஓட்டை போட்டு ஈரம் ஏறாமல் தடுக்கிற மருந்தை ஏற்றுவது. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. குளியலறையை எட்டிப் பார்க்கவில்லை, வெளிப்புறம் சுற்றி வரவில்லை. எனக்கும் அது உறைக்கவில்லை. மிஷினே சொல்கிறதே என்று இருந்துவிட்டேன்.

அந்த மீட்டர் என்ன செய்கிறது என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். இரண்டு ஊசிகளுக்கும் நடுவே மின்சாரம் எவ்வளவு சுலபமாகப் பாய்கிறது என்று பார்க்கிறது, அவ்வளவுதான். அதிலுள்ள அளவுகள் பெரும்பாலும் மரத்துக்காகக் குறிக்கப்பட்டவை. செங்கல்லிலும் பூச்சிலும் இந்த இடத்தைவிட அந்த இடம் ஈரமா என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்; எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. சுவரில் உப்பு இருந்தால் எண் இன்னும் எகிறும். பழைய சுவரில் உப்பு இல்லாமலா இருக்கும்! ஈரம் இருக்கிறது என்று அது சொன்னதுகூடப் பொய்யில்லை. அது எங்கிருந்து வருகிறது என்று எந்த மீட்டரும் சொல்லாது.

முக்கால் பங்குப் பணத்தை முன்பணமாகவே வாங்கிக்கொண்டார்கள். சுவரடியில் சுமார் 12 சென்டிமீட்டருக்கு ஒன்றாக ஓட்டை போட்டு மருந்தை ஏற்றினார்கள். 1 மீட்டர் உயரத்துக்குச் சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, வாட்டர் ப்ரூஃப் சிமெண்ட் பூசினார்கள். பத்து வருட உத்தரவாதம் என்று ஒரு அட்டையும் தந்தார்கள்.

மூன்றாவது மாதம் படுக்கையறையில் புதுப் பூச்சுக்கு மேலே, நெஞ்சு உயரத்தில் ஈரம் தெரிந்தது. முன்பு சுண்ணாம்பு வழியாகக் கொஞ்சமாவது காய்ந்துகொண்டிருந்த தண்ணீர், சிமெண்ட் வழியை அடைத்ததும் மேலே ஏறிவிட்டது. போன் செய்தால் “காய நாளாகும் சார்” என்பார்கள். இதில் பாதி உண்மை. அதனால்தான் நம்பத் தோன்றுகிறது. 25 மில்லிமீட்டர் கனத்துக்கு ஏறக்குறைய ஒரு மாதம் என்று பொதுவாகக் கணக்குச் சொல்வார்கள், 9 அங்குலச் சுவருக்கு ஒன்பது மாதம் ஆகிவிடும். ஆனால் காய்கிற சுவரில் ஈரத்தடம் சுருங்க வேண்டும். எங்களுடையது வளர்ந்தது.

அப்புறம் தரையில் டைல் மாற்ற வந்த கொத்தனார், வேலையை நிறுத்திவிட்டு அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். “மழை பெய்ஞ்சா கூடுதா, இல்ல எப்பவும் இப்படியேவா?” எப்பவும் இப்படித்தான் என்றோம். “பின்னாடி என்ன இருக்கு?” குளியலறை. ராத்திரி எல்லாக் குழாயையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரைக் குறித்துவைக்கச் சொன்னார். (மேல்தொட்டி மட்டும் இருந்தால் மோட்டார் போடாமல் தண்ணீர் மட்டத்தில் ஒரு கோடு போட்டுவைக்கலாம்.) விடிந்து பார்த்தால் எண் நகர்ந்திருந்தது. இரண்டு டைலைப் பெயர்த்ததும் பைப் எல்போ ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது. அரை நாள் வேலை.

கூடத்துச் சுவருக்குக் காரணம் நாங்களேதான். வெளியே சிமெண்ட் தளம் போட்டபோது தரையை உள்தரை மட்டத்துக்கே உயர்த்திவிட்டோம். தரை ஈரம் மேலே ஏறாமலிருக்கச் சுவரடியில் ஒரு ஈரத்தடுப்புப் படலம் வைத்துக் கட்டுவார்கள்; அதற்கு 15 சென்டிமீட்டராவது கீழே இருக்க வேண்டுமாம் வெளித்தரை. பீரோ சுவரில் ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விட்டேன். தண்ணீர் முத்து அறைப் பக்கம்தான் இருந்தது. சுவர்ப் பக்கம் இருந்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது என்று அர்த்தம். இது அறைக் காற்றின் ஈரம், குளிர்ந்த சுவரில் படிகிறது. பீரோவை ஒரு சாண் தள்ளி வைத்து ஜன்னலைத் திறந்துவிட்டதோடு சரி.

மூன்று சுவருக்கு மூன்று காரணம். போட்ட ஊசி ஒன்றுக்கும் உதவவில்லை.

உத்தரவாத அட்டையை எடுத்துக்கொண்டு கூப்பிட்டேன். அதே ஆள்தான் வந்தார், எல்போவைப் பார்த்தார். “இது பைப் லீக் சார், அட்டையில வராது. அஸ்திவார ஈரத்துக்கு மட்டும்தான்” என்றார். அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் அப்படித்தான் அச்சடித்திருக்கிறது. அஸ்திவார ஈரம் என்று சொன்னதே நீங்கள்தானே என்று கேட்டதற்கு, மிஷின் அப்படிக் காட்டியது என்றார்.

ஆளைக் கூப்பிட்டுவிட்டீர்கள் என்றால், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதாதவருக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். முடிந்தால், மருந்து விற்காத ஒருவருக்குத் தனியாகக் கூலி கொடுத்துச் சுவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்போது சிமெண்டைக் கொத்திவிட்டுத் திரும்பச் சுண்ணாம்பு பூசிக்கொண்டிருக்கிறோம். மீதிக் கால் பங்குப் பணத்தைக் கேட்டு வாராவாரம் போன் வருகிறது.