எம்35ஏ2 ராணுவ லாரி: ஆறு வருஷம் வைத்திருந்தவன் சொல்வது

அமெரிக்க ராணுவம் கழித்துவிட்ட லாரியை வாங்கி வீட்டில் நிறுத்தினால் எப்படி இருக்கும் என்று நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள், ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்லி மாளவில்லை, அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். என்னிடம் இருப்பது எம்35ஏ2. இங்கே அமெரிக்காவில் இதை 'டூஸ் அண்ட் எ ஹாஃப்' என்பார்கள், இரண்டரை டன் வண்டி. அந்த இரண்டரை டன் கரடுமுரடான தரைக்கான கணக்கு, நல்ல ரோட்டில் அதைப்போல இரண்டு பங்கு ஏற்றலாம். 1950 வாக்கில் ரியோ கம்பெனி வடிவமைத்த லாரிக் குடும்பம், வியட்நாம் போரைப் பார்த்தது, அதற்கப்புறமும் பல வருஷம் ராணுவத்தில் உழைத்தது. ஆறு சக்கரத்துக்கும் இழுவை உண்டு. பின்னால் இரட்டை டயர், ஆக மொத்தம் பத்து. காலி வண்டியே ஆறு டன் இருக்கும்.

2019ல் டெக்ஸஸில் ஏலத்தில் எடுத்தேன். "ஓடும் நிலையில் உள்ளது" என்று போட்டிருந்தார்கள். போய்ப் பார்த்தால் பேட்டரி இரண்டையும் காணோம், எதை வைத்து ஓட்டிப் பார்த்தார்களோ தெரியவில்லை. இது 24 வோல்ட் வண்டி, 12 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராக இணைக்க வேண்டும், ஆகவே பக்கத்து வீட்டு 12 வோல்ட் காரிலிருந்து வயர் போட்டு உசுப்பிவிடும் கதை எல்லாம் நடக்காது. இன்னொன்று, ஏலத்தில் எடுத்தால் எஸ்.எஃப். 97 என்ற படிவம் வரும், அதை வைத்துத்தான் வண்டியை உங்கள் பெயரில் பதிவு செய்ய வேண்டும். அது இருந்தும் இழுத்தடிக்கும் மாநிலங்கள் உண்டு. பணம் கட்டுவதற்கு முன்னால் உங்கள் ஊர் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சரி, இன்ஜின். இதற்கு மட்டும் மார்க் போடச் சொன்னால் நூற்றுக்கு நூறு போடுவேன். 7.8 லிட்டர், ஆறு சிலிண்டர், மல்டிஃபியூவல். டீசல், மண்ணெண்ணெய், விமான எரிபொருள், எதை ஊற்றினாலும் குடிக்கும், ஆபத்துக்குப் பெட்ரோல்கூடப் போடலாம். எரிபொருளின் அடர்த்தியைப் பார்த்து, அதை இன்ஜினுக்குள் பீய்ச்சும் பம்பே அளவைச் சரிசெய்துகொள்ளும், கம்ப்யூட்டர் கிடையாது, எல்லாம் இரும்பும் ஸ்பிரிங்கும்தான். என்னுடையதில் டர்போ இருக்கிறது. அது விசில் அடித்துக்கொண்டு வருவதைத் தெருமுனையிலேயே கேட்கலாம், என் மகள் அதை வைத்துத்தான் அப்பா வருகிறார் என்று சொல்வாள். இத்தனை பெரிய இன்ஜினுக்கு 140 குதிரைத்திறனுக்குள்தான், ஆனால் தள்ளாடாமல் இழுக்கும். சாவி கிடையாது. ஒரு சுவிட்சைத் திருப்பிப் பட்டனை அழுத்தினால் ஸ்டார்ட், கம்பியை இழுத்தால் ஆஃப். யார் வேண்டுமானாலும் ஓட்டிக்கொண்டு போகலாம் என்பதால் ஸ்டீயரிங்கைச் சங்கிலி போட்டுப் பூட்டி வைக்கிறேன்.

அடுத்து ராணுவக் கையேடு. டி.எம். 9-2320 வரிசையில் வரும், இலவசமாகவே கிடைக்கிறது. பதினெட்டு வயசுப் பையன் இரவில் சேற்றில் படுத்துக்கொண்டு வேலை பார்ப்பான் என்று நினைத்து எழுதியது போல, எந்த போல்ட்டை எந்த வரிசையில் கழற்ற வேண்டும் என்பது வரை படம் போட்டுச் சொல்லியிருக்கிறது. வாழ்நாளில் கார் ஆயில்கூட மாற்றாத சாஃப்ட்வேர்காரன் நான், இதைப் பார்த்துத்தான் ஹப் சீல் (சக்கரத்தின் நடுவில் எண்ணெய் ஒழுகாமல் தடுக்கும் வளையம்) மாற்றினேன். உதிரி பாகமும் தாராளமாகக் கிடைக்கிறது, ராணுவம் லாரியோடு சேர்த்துக் கிடங்கையும் கழித்துவிட்டிருக்கிறது.

இப்போது பிரேக். இந்தப் பத்தியை மட்டுமாவது படியுங்கள். காலால் மிதிப்பது ஹைட்ராலிக், அதாவது எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்வது, அந்த அழுத்தத்தைக் காற்று வாங்கிப் பெருக்கிக் கொடுக்கிறது. ஆறு சக்கரத்துக்கும் சேர்த்து பெடலின் அழுத்தத்தை எண்ணெய்க்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டர் ஒன்று, எண்ணெய் போகும் பாதையும் (சர்க்யூட்) ஒன்று. இன்றைய காரில் இரண்டாகப் பிரித்திருப்பார்கள், ஒன்று போனால் இன்னொன்று காப்பாற்றும். இதில் எங்கோ ஒரு சக்கரத்தில் சின்ன சிலிண்டர் ஒழுகினாலும் மொத்தமும் போச்சு. எனக்கு நடந்தது, வாங்கிய இரண்டாம் மாதம். டீசல் போட பங்க்குக்குள் நுழைகிறேன், பெடல் எந்தத் தடையும் இல்லாமல் தரையைத் தொட்டது. நடக்கிற வேகம்தான் என்பதால் ஹேண்ட் பிரேக்கை இழுத்து நிறுத்திவிட்டேன், ஆனால் முன்னால் நின்ற சின்னக் காருக்கும் என் பம்பருக்கும் நடுவில் ஒரு ஆள் நுழைய முடியாது. அதில் ஒரு கிழவர் உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்றைக்கு டீசல் போடாமலே கட்டி இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, ஆறு வீல் சிலிண்டரையும், ரப்பர் ஹோஸ்களையும், மாஸ்டர் சிலிண்டரையும் மாற்றிவிட்டுத்தான் மறுபடி ரோட்டில் ஏற்றினேன். இரட்டை சர்க்யூட்டாக மாற்றும் கிட் கிடைக்கிறது, அதையும் போட்டாயிற்று. பிரேக் ஆயில் டாட் 5, சிலிக்கோன் வகை. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் டாட் 3ஐ அதோடு கலக்காதீர்கள்.

பவர் ஸ்டீயரிங் கிடையாது, பார்க்கிங்கில் திருப்பினால் ஜிம்முக்குப் போக வேண்டாம். மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் போக வண்டிக்கும் விருப்பமில்லை எனக்கும் விருப்பமில்லை. லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கிடைத்தால் நல்ல நாள். காதுக்கு அடைப்பு கட்டாயம். லைட் சுவிட்சில் மூன்று லீவர், ஒன்றைப் பிடித்துக்கொண்டால்தான் இன்னொன்று நகரும், எதிரிக்குத் தெரியாமல் ஓட்டுவதற்கான ஏற்பாடாம், எனக்கே பிடிபட ஒரு வாரம் ஆனது.

டயர் மாற்றுவதை மட்டும் வீட்டில் செய்யாதீர்கள். ரிம்மில் பூட்டு வளையம் இருக்கிறது, அது சரியாக உட்காராமல் காற்று அடித்தால் தெறித்து ஆளைக் கொல்லும், கூண்டுக்குள் வைத்து அடிக்கிற கடையாகத் தேடிப் போங்கள். பழைய ராணுவப் பெயின்ட்டை உலர்வாகத் தேய்ப்பதும் வேண்டாம், ரசாயனத் தாக்குதலைத் தாங்கவென்று அடித்த பூச்சு, அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

செலவு? வண்டி 5,500 டாலர். முதல் வருஷம் அதில் பாதிக்கு மேல் பிரேக்கும் டயருமே சாப்பிட்டன. குடியிருப்போர் சங்கத்திலிருந்து வந்த கடிதங்களுக்குக் கணக்கில்லை, கடைசியில் ஊருக்கு வெளியே ஒரு ஷெட் வாடகைக்கு எடுத்தேன், மாதம் 120 டாலர். "இதுக்கு ஒரு வீடு, நமக்கு ஒரு வீடா?" என்று மனைவி கேட்டாள், பதில் சொல்லவில்லை.

ஓட்டுவதற்காக மட்டும் வண்டி தேடுகிறவர் இதை வாங்க வேண்டாம், மாதத்தில் மூன்று நாள் இதற்கு அடியில்தான் படுத்திருப்பீர்கள். அது பிடிக்கும் என்றால் வாங்குங்கள், ஐந்துக்கு நாலு நட்சத்திரம் கொடுப்பேன். பார்க்கப் போகும்போது ஒவ்வொரு சக்கரத்தின் உள்பக்கத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள், ஈரமாக இருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். என்னுடையதில் முன் இடது சக்கரம் மறுபடி ஈரம், சனிக்கிழமை கழற்றப் போகிறேன்.