ஜப்பானிய மொழி: மையமா, மாடியா, கைப்பேசியா?

தண்டையார்பேட்டையில் குடியிருந்துகொண்டு, மணலியில் ஷிஃப்ட் பார்த்துக்கொண்டு, 38 வயதில் ஜப்பானிய மொழி படிக்கப் போகிறேன் என்றதும் அம்மா கேட்டது ஒன்றுதான்: "எங்கடா போய்ப் படிப்ப?" அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்க எனக்கு இரண்டு வருஷம் ஆனது. மூன்று வழிகளிலும் நடந்து பார்த்துவிட்டேன்.

முதலில் பெரிய மையம். அண்ணா நகர்ப் பக்கம் ஒன்றில் சேர்ந்தேன், பெயர் வேண்டாம். மெட்ரோவில் சென்ட்ரல் வந்து, பச்சைத் தடத்துக்கு மாறிப் போக வேண்டும். (அந்த முதல் கட்ட மெட்ரோவுக்கே பெரும்பகுதிப் பணம் ஜப்பான் அரசின் உதவி அமைப்பான ஜைக்கா கொடுத்த கடன்தான். ரயிலில் உட்கார்ந்தே வீட்டுப்பாடம் எழுதினேன் என்பதால் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.) இப்படிப்பட்ட இடங்களில் எல்லாம் ஒழுங்கு. ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வு ஜூலையிலும் டிசம்பரிலும் வரும். பாடம் அந்தத் தேதியை நோக்கியே ஓடும். காஞ்சி, அதாவது சீனத்திலிருந்து வந்த சித்திர எழுத்து, வாரத்துக்கு இத்தனை என்று கணக்கு. ஒலிப்பயிற்சியும் விடாமல் நடக்கும். என்5 என்ற தொடக்க நிலையில் 180-க்கு 80 எடுத்தால் தேர்ச்சி, ஆனால் கேட்டுப் புரிந்துகொள்ளும் பகுதியில் மட்டும் 60-க்கு 19 வராவிட்டால் மொத்தம் எவ்வளவு எடுத்தும் பயனில்லை. அதனால் அந்தப் பயிற்சிக்குக் கொடுத்த காசு வீண் இல்லை.

என்5 தேறினேன். அடுத்த மாதமே ஆலைக்கு ஒரு ஜப்பானிய இன்ஜினியர் வந்தார். "நன்ஜி கரா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். எத்தனை மணியிலிருந்து என்று கேட்கிறார், புரிகிறது. வாய்தான் திறக்கவில்லை. ஜேஎல்பிடியில் பேச்சுத் தேர்வே கிடையாது, எல்லாம் கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதான். நான் தேறியது அதில்.

இன்னொரு சங்கடம், பாடம் முழுக்க ஆங்கிலத்தில். 'காபியைக் குடிக்கிறேன்' என்பது ஜப்பானிய மொழியில் 'கோஹீ ஒ நொமிமஸ்'. சொல் வரிசை அப்படியே நம்முடையது. ஆனால் வகுப்பில் அதை முதலில் ஆங்கிலமாக்கி, வினையை நடுவில் போட்டு, பிறகு திரும்பக் கடைசிக்குத் தள்ளிக் கற்றுக்கொண்டோம். தலையைச் சுற்றி மூக்கைத் தொட்ட கதை.

அப்புறம்தான் மாடி. பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு வீட்டு மொட்டைமாடிக் கொட்டகை, ஞாயிறு மாலை, மாதம் 800 ரூபாய். சொல்லிக்கொடுப்பவர் ஜப்பானில் தொழிற்சாலைப் பயிற்சிக்குப் போய் வந்த ஒரு அண்ணன். உள்ளே வந்தால் 'சென்சே' (ஆசிரியர்), படியிறங்கினால் 'அண்ணே'. துணிக்கடைக் கணக்கர், பணி ஓய்வு பெற்ற ரயில்வே ஐயா, முதியோர் பராமரிப்பு வேலைக்கு ஜப்பான் போக நினைக்கும் நர்ஸ் தங்கைகள் இருவர், புழலில் இருந்து வரும் ஈழத்து அக்கா, நான். வேறு யாரும் இல்லை.

முதல் நாளே பலகையில் வேற்றுமை உருபுகளை எழுதினார். 'ஒ' என்றால் ஐ. 'நி' பெரும்பாலும் கு. 'கரா' என்றால் இலிருந்து. 'மோ' என்றால் உம்: 'வதஷி மோ', நானும். 'தபேதே மிரு' என்றால் 'சாப்பிட்டுப் பார்ப்பது'. சாப்பிடுவதற்கும் பார்ப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று மையத்தில் ஒரு மணி நேரம் விளக்கினார்கள். இங்கே ஒரு நிமிஷம். இன்னொரு நாள் கொரே, சொரே, அரே என்ற சுட்டுச் சொற்கள். இது, அது தெரியும், நடுவில் கேட்பவர் பக்கம் இருப்பதைச் சுட்டும் 'சொரே' எங்களுக்கு இடித்தது. ஈழத்து அக்கா சிரித்துவிட்டார்: "அது தானே உது! நாங்கள் அப்பிடித்தான் கதைக்கிறனாங்கள்."

இதை வைத்து இரண்டும் ஒரே குடும்பம் என்று கிளம்பிவிட வேண்டாம். ஓனோ சுசுமு என்ற ஜப்பானிய மொழியியலாளர் அப்படித்தான் வாதிட்டார். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. சொந்தமோ இல்லையோ, படிக்கச் சௌகரியம், எனக்கு அது போதும்.

மாடியின் குறையும் தமிழில்தான் இருக்கிறது. குறிப்பைத் தமிழில் எழுதிவைப்போம். ஒபசான் அத்தை, ஒபாசான் பாட்டி என்ற குறில் நெடில் வேறுபாடு நமக்குத் தண்ணீர் பட்ட பாடு. 'கிதே' வேறு, 'கித்தே' வேறு என்பதும் அப்படியே. ஆனால் ஒரு பழத்தின் பெயரையும் (kaki) சாவியையும் (kagi) தமிழில் எழுதினால் இரண்டுமே 'ககி'. வல்லினத்தில் ஒலி வேறுபாட்டை நம் எழுத்து காட்டாது. அந்த ஒரு காரணத்துக்காகவே முதல் மாதத்தில் ஹிராகானா என்ற அடிப்படை ஜப்பானிய எழுத்து வரிசையின் 46 எழுத்துகளையும் படித்துவிட வேண்டும். காஞ்சியும் இங்கே பலவீனம். சென்சேவின் பேச்சு தொழிற்சாலைத் தரையில் கற்றது, பணிவு வழக்குக்கு அவரே புத்தகத்தைப் புரட்டுவார். அவருக்கு ஷிஃப்ட் மாறினால் வகுப்பு இல்லை.

பண்பாடு என்று பார்த்தால், மையத்தில் வருஷத்துக்கு ஒரு நாள் ஓரிகாமி, ஒரு நாள் யுகாதா என்ற ஜப்பானிய உடை உடுத்திப் படம். மாடியில் வகுப்பு முடிந்ததும் ஜப்பானியப் பள்ளிப் பிள்ளைகள் போல நாங்களே கூட்டிப் பெருக்க வேண்டும், ரயில்வே ஐயா உட்பட. பிறகு பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ, பர்மா நூடுல்ஸ். ஜப்பானியர் சாப்பிடும் முன் சொல்லும் 'இததகிமஸ்' சொல்லாமல் தட்டைத் தொட்டால் அன்றைய பில் உங்களுடையது. பர்மா உணவுக்கு ஜப்பானிய வணக்கம், சரி, வடசென்னைக்கு இது ஒன்றும் புதிதில்லை.

கைப்பேசி வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜப்பான் அரசு சார்ந்த பண்பாட்டு அமைப்பான ஜப்பான் ஃபவுண்டேஷனின் மினாட்டோ இணையதளத்தில் சுயமாகப் படிக்கும் பாடங்கள் இலவசம். 'இரோதோரி' பாடநூலும் ஒலிக்கோப்புகளும் இலவசம். தரத்தில் குறையே இல்லை. மூன்று முறை தொடங்கினேன், மூன்று முறையும் நான்காவது பாடத்தில் இரவு ஷிஃப்ட் வந்தது. போகாவிட்டால் யாரும் கேட்கப்போவதில்லை என்பதுதான் அதன் ஒரே கோளாறு.

'இலவசமாக மொழி கற்றுத்தந்து வேலைக்கும் அனுப்புகிறோம்' என்பவர்களை நான் ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. நர்ஸ் தங்கைகளில் ஒருத்தியிடம் அசல் சான்றிதழைக் கேட்டார்கள், எழுந்து வந்துவிட்டாள். ஜப்பானில் வேலை செய்யத் தரும் 'குறிப்பிட்ட திறன்' விசாவுக்கு என்4 (என்5-க்கு அடுத்த நிலை) அல்லது ஜேஎஃப்டி-பேசிக் என்ற அடிப்படை மொழித்தேர்வு வேண்டும், பராமரிப்பு வேலைக்கு அதற்குமேல் தனியாக ஒரு மொழித்தேர்வும் உண்டு. அவளைப் போன்றவர்களுக்கு என் ஓட்டு மையத்துக்குத்தான், அதுவும் ஆறு மாதம் மாடியில் உட்கார்ந்துவிட்டு.

தேர்வு தேவையில்லை, பேச வேண்டும், வாரத்தில் ஒரு நாள்தான் ஓய்வு என்றால் மாடி. என் நிலைமை அதுதான். இன்ஜினியர் மறுபடி மார்ச்சில் வந்தார். "ஹச்சிஜி கரா தெஸ்" என்றேன், எட்டு மணியிலிருந்து. அவர் தலையாட்டிவிட்டு அடுத்து ஏதோ நீளமாகக் கேட்டார். அது ஞாயிற்றுக்கிழமை சென்சேவிடம் கேட்க வேண்டியது.