ஆசையைச் செயலாக்க எது உதவும்? பட்டியலா, காலண்டரா, பலகையா?

ஒரு பாட்காஸ்ட் தொடங்க வேண்டும், எழுதி வைத்த கதைகளைத் தொகுப்பாக்க வேண்டும், சொந்தமாக ஒரு ஆப் செய்து பார்க்க வேண்டும். இந்த மாதிரி ஆசைகளுக்குக் கெடு கிடையாது. முடிக்காவிட்டால் ஏன் என்று கேட்க ஆளும் கிடையாது. அதனால் ஆபீசில் நன்றாக ஓடுகிற திட்டமிடல் முறையை அப்படியே இங்கே கொண்டுவந்தால் பெரும்பாலும் மூன்றாவது வாரத்தில் நின்றுவிடுகிறது. வேலை, வீடு எல்லாம் போக வாரத்துக்கு நாலைந்து மணி நேரம் மிஞ்சுகிற ஒருவருக்கு எது கைகொடுக்கும் என்பதை மட்டும் இங்கே பார்க்கலாம்.

நான் தேர்ந்துகொண்டு இன்றும் பயன்படுத்துவது மூன்று கட்டப் பலகை, அதாவது வேலைகளைச் சீட்டுகளில் எழுதி "பிறகு", "இப்போது", "முடிந்தது" என்ற கட்டங்களில் ஒட்டி நகர்த்துவது. எனவே இந்த அலசலில் அதற்கு இடம் அதிகம். மற்ற முறைகளிலும் நல்லது உண்டு. ஆனால் இடையில் விட்டுப்போன ஒரு வேலையை மறுபடி தொடங்க எவ்வளவு பாடுபட வேண்டியிருக்கிறது என்று பார்த்தால், மற்றவை பலகைக்குப் பக்கத்தில் வருவதில்லை.

பட்டியல்

ஒரு நோட்டும் பேனாவும் போதும், புதிதாகக் கற்க எதுவும் இல்லை, முடித்ததை அடிக்கும்போது ஒரு திருப்தி. இதெல்லாம் தெரிந்ததுதான். பட்டியல் கெடுவது இரண்டு இடங்களில். "மின்கட்டணம் கட்டு" என்பதும் "பாட்காஸ்ட் தொடங்கு" என்பதும் அதில் ஆளுக்கொரு வரியாக, ஒரே அளவில் உட்கார்ந்திருக்கும். ஒன்றுக்கு ஐந்து நிமிடம், இன்னொன்றுக்கு நாற்பது மணி நேரம். அரை மணி நேரம் கையில் கிடைத்ததும் கண் தானாகச் சின்ன வேலைக்குப் போகும். இரண்டாவது, அடிப்பதைவிடச் சேர்ப்பது சுலபம். அதனால் பட்டியல் வளர்ந்துகொண்டே போகும்.

ஆனால் மனத்தில் ஓடுவதையெல்லாம் கொட்டி வைக்க அதைவிட நல்ல இடம் இல்லை. முடியாத வேலை மனத்தைக் குடைவதை நிறுத்த அந்த வேலையை முடித்தே ஆக வேண்டியதில்லை, எப்போது எப்படிச் செய்வது என்று திட்டவட்டமாக முடிவுசெய்தாலே போதும் என்பது மாசிகாம்போ, பாவ்மைஸ்டர் இருவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வின் முடிவு. பட்டியலைக் கிடங்காக வைத்துக்கொள்ளுங்கள். அன்றாடம் கையில் எடுத்து வேலை செய்ய அது சரிப்படாது.

காலண்டர்

செவ்வாய் இரவு 8 முதல் 9.30 வரை எபிசோடு எழுதுவது, சனி காலை 7 முதல் 8 வரை பதிவு என்று நேரத்தைக் கட்டம் கட்டி ஒதுக்குவது. இதன் பெரிய பலன், வாரத்தில் உண்மையிலேயே எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

இதில் அடி விழுவது மதிப்பீட்டில். ரோஜர் பியூலரும் உடன் ஆய்வாளர்களும் 1994இல் வெளியிட்ட ஆய்வில், ஆய்வேட்டை முடிக்க எத்தனை நாள் ஆகும் என்று மாணவர்களிடம் கேட்டார்கள். சராசரியாக 33.9 நாள் என்றார்கள். எல்லாமே தப்பிப்போனால்கூட 48.6 நாள் என்றார்கள். ஆனது 55.5 நாள். அதாவது, மோசமான நிலையை யோசித்துச் சொன்ன கணக்கும் பத்தவில்லை. அதனால் காலண்டர் பிடிப்பவர்கள் தோன்றுகிற நேரத்தை ஒன்றரையால் பெருக்கி எழுதுவது நல்லது. மூன்று கட்டத்துக்கு ஒன்றைக் காலியாக விடுவதும் அவசியம், வழிந்தது அங்கே போகும். இரண்டையும் செய்யாவிட்டால் செவ்வாய் வேலை வியாழனைத் தள்ளும், வியாழன் சனியைத் தள்ளும்.

"இது நடந்தால் அது" வாக்கியம்

உளவியலாளர் பீட்டர் கோல்விட்ஸர் 1990களில் வளர்த்தெடுத்த முறை இது. "தினமும் எழுதுவேன்" என்பதற்குப் பதிலாக "இரவுச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைத்ததும், அதே மேஜையில் உட்கார்ந்து ஒரு பத்தி எழுதுவேன்" என்று எழுதிக்கொள்வது. முன்பகுதியில் கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு நிகழ்வு இருக்க வேண்டும். "நேரம் கிடைத்தால்", "மனசு நன்றாக இருந்தால்" என்று எழுதினால் வாக்கியம் வேலை செய்யாது.

மெய்யாகவே பலன் தருகிறது. 2002இல் வெளியான ஓர் உடற்பயிற்சி ஆய்வில் எந்த நாள், எந்த நேரம், எந்த இடம் என்று எழுதிக்கொடுத்தவர்களில் 91 சதவீதம் பேர் அந்த வாரம் பயிற்சி செய்தார்கள். எழுதாதவர்களிலோ 40 சதவீதத்துக்கும் குறைவு. ஊக்கமூட்டும் விவரங்களைப் படிக்கக் கொடுத்தது மட்டும் தனியே பயன் தரவில்லை. ஆனால் ஒரே நேரத்தில் ஐந்தாறு குறிக்கோள்களுக்கு இப்படி வாக்கியம் எழுதினால் பலன் கரைந்துவிடுகிறது என்று டால்டன், ஸ்பில்லர் இருவரும் 2012இல் காட்டினார்கள். அத்தனை வேலையையும் ஒன்றாகப் பார்க்கும்போதே இது ஆகாத காரியம் என்று மனம் தளர்ந்துவிடுகிறது. ஒரே ஒரு குறிக்கோளுக்கு மட்டும் ஒரு வாக்கியம் என்று வைத்துக்கொண்டால் இதற்கு நிகர் இல்லை.

பணயமும் ஊரறியச் சொல்வதும்

முடிக்காவிட்டால் இழக்கும்படி நண்பரிடம் பணம் கட்டி வைப்பது, அல்லது எல்லோரிடமும் அறிவித்துவிடுவது. ஒரு நாள், ஒரு வாரம் என்று முடிகிற காரியங்களுக்குப் பணயம் நன்றாகவே வேலை செய்கிறது. மாதக்கணக்கில் இழுக்கும் வேலைக்கு இதை வைத்துப் பார்த்த அனுபவம் எனக்குக் குறைவு. அதனால் அழுத்திச் சொல்லமாட்டேன். அறிவிப்பைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை. "எழுத்தாளர் ஆகப்போகிறேன்" என்பது போல அடையாளத்தோடு ஒட்டிய ஆசையைச் சொல்லி, கேட்டவர்கள் தலையாட்டிவிட்டால், அதற்கான உழைப்பு குறைவதாகக் கோல்விட்ஸர் குழுவின் 2009 ஆய்வு காட்டியது. பாராட்டு முன்கூட்டியே கிடைத்துவிடுகிறது. சொல்வதானால் "ஞாயிற்றுக்கிழமை உனக்கு ஆறு நிமிட ஆடியோ அனுப்புகிறேன், கேட்டுச் சொல்" என்று பொருளைச் சொல்லுங்கள்.

மூன்று கட்டப் பலகை

டொயோட்டா தொழிற்சாலையில் தாயிச்சி ஓனோ வளர்த்தெடுத்த கான்பான் அட்டை முறைதான் இதன் மூலம். பிறகு மென்பொருள் குழுக்கள் எடுத்துக்கொண்டன. தனி ஆளுக்குத் தேவைப்படுவது அதன் எலும்புக்கூடு மட்டுமே. ஏ3 அளவுத் தாள் ஒன்று, மூன்று அங்குல ஒட்டுச்சீட்டு ஒரு கட்டு, தடித்த மார்க்கர் ஒன்று. தாளை நெடுக்காக மூன்றாகப் பிரித்து "பிறகு", "இப்போது", "முடிந்தது" என்று எழுதி, தினமும் கடந்துபோகிற கதவிலோ அலமாரியிலோ ஒட்டிவிடுங்கள். "பிறகு" கட்டத்தில் ஏழு சீட்டுக்கு மேல் வேண்டாம், மிச்சம் நோட்டிலேயே இருக்கட்டும். "இப்போது" கட்டத்தில் இரண்டே இரண்டு.

இந்த இரண்டு என்ற வரம்புதான் பலகையின் உயிர். ஜான் லிட்டில் 1961இல் நிரூபித்த ஒரு விதி இருக்கிறது. ஒரு வேலை முடிய ஆகும் சராசரிக் காலம் என்பது, கையில் இருக்கும் வேலைகளின் எண்ணிக்கையை, ஒரு வாரத்தில் முடிகிற எண்ணிக்கையால் வகுத்தால் வருவது. வாரத்துக்கு மூன்று சீட்டு முடிக்கிறவர் கையில் ஒன்பது வைத்திருந்தால் ஒவ்வொன்றும் மூன்று வாரம் இழுக்கும். இரண்டு வைத்திருந்தால் ஐந்து நாளுக்குள் முடியும். உழைப்பு ஒன்றுதான். இரண்டாமவர் வாராவாரம் ஏதோ ஒன்று முடிவதைக் கண்ணால் பார்க்கிறார். முதலாமவருக்கு மூன்று வாரம் எதுவும் நகராதது போலத் தோன்றும். தனி ஆள் வேலைகள் கைவிடப்படுவது அந்த நேரத்தில்தான். போதாததற்கு, ஒன்பதுக்கும் இடையே தாவும்போது எங்கே விட்டோம் என்று நினைவுபடுத்தவே நேரம் போகும். வாரத்துக்கு மூன்று என்பதே இரண்டாகிவிடும்.

சீட்டில் என்ன எழுதுவது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். "ரெக்கார்டிங்" என்று எழுதினால் அது ஒரு தலைப்பு, அதை யாராலும் முடிக்க முடியாது. "2 நிமிடம் பேசிப் பதிவு செய், ஃபேன் இரைச்சல் விழுகிறதா என்று இயர்போனில் கேள்" என்பது ஒரு சீட்டு. முடிந்ததா இல்லையா என்று சந்தேகமே வராது. ஒரு சீட்டு ஒரே அமர்வில், அரை மணி முதல் ஒன்றரை மணிக்குள் முடிய வேண்டும். பத்து நாளாக நடுக் கட்டத்திலேயே கிடக்கிற சீட்டைக் கிழித்து இரண்டாக எழுதுங்கள். அதற்குள் இரண்டு வேலை ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். மார்க்கர் எதற்கு என்றால், பால்பாயின்ட் பேனாவில் நாற்பது வார்த்தை வரை திணித்துவிடலாம். மார்க்கரில் பத்துப் பன்னிரண்டுக்கு மேல் இடம் போதாது.

இன்னொரு பழக்கம், எல்லாவற்றிலும் முக்கியமானது. அமர்வை நிறுத்தும்போது, வேலை பாதியில் இருந்தால், சீட்டின் அடியில் அடுத்த அசைவை பென்சிலால் எழுதிவிடுங்கள். "3:40 வரை வெட்டியாச்சு. அடுத்து அந்த இருமலை எடு." இதற்கு அரை நிமிடம் போதும்.

கெடுகிற இடங்களும் உண்டு. "சின்ன வேலைதானே" என்று மூன்றாவது சீட்டை நடுவில் வைத்ததும் வரம்பு போய்விடும், ஒரு வாரத்தில் ஆறு நிற்கும். அடுத்தவர் பதிலுக்காகக் காத்திருக்கும் சீட்டைக் கோட்டின் மேல் ஒட்டி, கேட்ட தேதியை மூலையில் எழுதுங்கள்; அப்படி இரண்டுக்கு மேல் சேரவிடக்கூடாது. ஒட்டுச்சீட்டைக் கீழிருந்து மேலாகப் பிய்த்தால் சுருண்டுகொண்டு இரண்டு நாளில் விழுந்துவிடும். பக்கவாட்டில் பசைப் பட்டை வழியாக இழுத்துப் பிரித்தால் தட்டையாக நிற்கும். ஆப் வடிவப் பலகைகள் வேலை செய்கின்றன என்றாலும் திறந்தால்தான் கண்ணில் படும், திறந்ததும் நிறமும் லேபிளும் மாற்றிக்கொண்டிருக்கத் தோன்றும். சுவர் இருக்கும்வரை சுவரே மேல்.

விட்டுப்போன பிறகு

காய்ச்சல், ஆபீஸ் நெருக்கடி, வீட்டில் ஒரு விசேஷம். வருடத்தில் சில முறையாவது இரண்டு மூன்று வாரம் எல்லாமே நிற்கத்தான் செய்யும். இதை விதிவிலக்காக நினைத்து முறையைத் தேர்ந்தால், முதல் இடைவெளியிலேயே முறையும் போகும், ஆசையும் போகும். எனவே ஒவ்வொரு முறையிடமும் கேட்க வேண்டிய கேள்வி, மூன்று வாரம் தொடாமல் இருந்துவிட்டுத் திரும்பி வந்தால் முதல் ஐந்து நிமிடத்தில் என்ன செய்யச் சொல்கிறது என்பதுதான்.

காலண்டர் திட்டத்தைச் சரிசெய்யச் சொல்லும். வாரத்துக்கு மூன்று கட்டம் என்றால் செத்துப்போன கட்டங்கள் ஒன்பது, கூடவே கவனிக்காமல் விட்ட ரிமைண்டர்கள். ஒவ்வொன்றையும் நகர்த்தி, முடியும் தேதியை மறுபடி கணக்குப் போட்டு நிமிர்வதற்குள் கிடைத்த ஒரு மணி நேரம் போய்விடும். வேலை ஓர் அங்குலம் நகர்ந்திருக்காது. பட்டியல் நாற்பது வரியைக் காட்டி, இதில் எது இன்னும் உயிரோடு இருக்கிறது என்று உங்களையே கேட்கும். தொடர்ச்சியாக எத்தனை நாள் என்று எண்ணும் ஆப்கள் பூஜ்யத்தைக் காட்டும். இவற்றில் எனக்கு உடன்பாடே இல்லை. பழக்கம் உருவாவதைப் பற்றிய ஃபிலிப்பா லாலி குழுவின் ஆய்வில், ஒரு நாள் தவறுவது பழக்கம் படிவதைக் குறிப்பிடத்தக்க அளவில் பாதிக்கவில்லை. அந்தக் கெடுதலில்லாத ஒரு நாளுக்குத்தான் இவை முழுத் தண்டனை தருகின்றன. "இது நடந்தால் அது" வாக்கியம் பரவாயில்லை. வீட்டு நேரம் மாறியிருந்தால் முன்பகுதியை மட்டும் மாற்றி எழுதினால் போதும். இரண்டாம் இடம் அதற்கு.

பலகையில் முடிக்க வேண்டிய தேதி என்பதே இல்லை, அதனால் எதுவும் காலாவதியாகி நிற்காது. நடுக் கட்டத்தில் இரண்டு சீட்டு, ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலில் அடுத்த அசைவு. இரண்டில் ஒன்றை "பிறகு"க்குத் தள்ளிவிட்டு, மற்றதன் கடைசி வரியைப் படித்து, அதை மட்டும் கால்மணி நேரம் செய்தால் போதும். "பிறகு" கட்டத்தில் ஆர்வம் போனவற்றைக் கழிப்பதும், புதிதாகச் சேர்ப்பதும் அடுத்த நாள் பார்த்துக்கொள்ளலாம். வழக்கமான வாரத்தில் பராமரிப்புக்குப் பத்து நிமிடம் ஆகும். காலண்டருக்கு என் கணிப்பில் அதைப் போல மூன்று மடங்கு.

எங்கே பலகை வேண்டாம்

தேர்வு, போட்டிக்குப் படைப்பு அனுப்புவது என்று தேதி வெளியிலிருந்து வருகிற காரியங்களுக்குக் காலண்டரே சரி. பலகை நாளை நினைவூட்டாது. இசைக்கருவிப் பயிற்சி போலத் தினமும் அதே வேலை என்றால் ஒரே சீட்டைத் தினமும் நகர்த்துவதில் அர்த்தமில்லை, அங்கே ஒரு வாக்கியம் போதும். நான் பரிந்துரைப்பதும் கலப்புதான். நோட்டில் கிடங்கு, கதவில் பலகை, நடுக் கட்டத்துக்கு மேலே எப்போது உட்காருவது என்று ஒரே ஒரு "இது நடந்தால் அது" வாக்கியம்.

இருவர் சேர்ந்து செய்கிற வேலையில் நடுக் கட்டத்தின் வரம்பை ஆளுக்கு இரண்டு என்று வைப்பதா, மொத்தமே மூன்று என்று வைப்பதா என்பதில் என் அனுபவம் சிறியது. மொத்தமாக வைப்பது மேல் என்றே தோன்றுகிறது, ஒருவர் மாட்டிக்கொண்டால் மற்றவர் புதுச் சீட்டு எடுக்க முடியாமல் உதவிக்கு வருவார். இருவரும் வேறுவேறு வீட்டில் இருந்தால் மட்டும் சுவரை விட்டுவிட்டு, வேறு வழியில்லாமல் ஆப் பலகைக்குப் போக வேண்டியிருக்கும். அப்போதும் "பிறகு" ஏழு, நடுவில் மூன்று என்ற எண்களைக் கட்டத்தின் தலைப்பிலேயே எழுதி வையுங்கள்.